விடுதிக் கணக்கு

2020 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூரில் தொற்றுக் கணக்கை இரண்டாகப் பிரித்துச் சொல்லத் தொடங்கினார்கள். ஊருக்குள் இத்தனை பேர், வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் இத்தனை பேர். ஊர்க் கணக்கு வாரத்துக்கு வாரம் இறங்கியது. விடுதிக் கணக்கு நூறு, ஐந்நூறு என்று ஏறி, ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் நாடு முழுவதும் 1,426 என்று வந்து நின்றது. அதில் மிகப் பெரும்பாலோர் எங்களைப் போல இரும்புக் கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்துக் கிடந்தவர்கள். நோயைக் கட்டுப்படுத்த அப்படிப் பிரித்துப் பார்ப்பது தேவையாக இருந்திருக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நோய் அடங்கிய பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. ஊர் திறந்து, கடை திறந்து, கல்யாணமெல்லாம் நடந்த பிறகும் எங்கள் கேட், வேலைக்குப் போகத் தவிர, இரண்டு வருடம் திறக்கவில்லை. நான் எழுத வந்தது அந்த இரண்டு வருடத்தைப் பற்றி.

எனக்குச் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்ததில் எங்கள் தோப்பில் முக்கால்வாசி மரம் வேரோடு சாய்ந்தது. தாத்தா வைத்த தென்னைகள். அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. நெட்டை ரகம் நட்டால் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, வேதாரண்யம் என்று எங்கு பார்த்தாலும் இதே கதைதான். அடுத்த வருடத்திலேயே எங்கள் தெரு இளவட்டங்கள் திருப்பூர், கேரளா, துபாய், சிங்கப்பூர் என்று கிளம்பிவிட்டார்கள். "பொழப்புக்குப் போயிருக்கான்" என்று ஊரில் சொல்வார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டை விட்டு வெளியேறுகிறவரைக் காக்கிறது. புயலில் தோப்பைப் பறிகொடுத்து, வட்டிக்கு வாங்கி விமானம் ஏறுகிறவனுக்கு அதில் இடம் கிடையாது. புலம்பெயர் தொழிலாளர்களுக்கென்று 1990இல் ஐ.நா. தனி உடன்படிக்கை கொண்டுவந்தது. அதில் இந்தியாவும் சேரவில்லை, சிங்கப்பூரும் சேரவில்லை. ஆகவே அனுப்புகிற நாட்டிலும் சரி, வாங்கிக்கொள்கிற நாட்டிலும் சரி, அந்த உடன்படிக்கையின் வாக்குறுதி எங்களுக்கு இல்லை.

நான் சிங்கப்பூர் போக, கட்டுமான வேலைக்கான ஸ்கில் டெஸ்ட், ஏஜென்ட் காசு, டிக்கெட் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ஆனது. அம்மா நகை அடகுக்குப் போனது, மீதி மூன்று வட்டிக்கு வாங்கியது. சம்பளம் நாளொன்றுக்கு 18 வெள்ளி. ஓ.டி. பார்த்தால்தான் கையில் ஏதாவது நிற்கும். வேலை பெர்மிட் அட்டையில் என் பெயரோடு கம்பெனி பெயரும் அச்சடித்திருக்கும். அந்தக் கம்பெனி பெர்மிட்டைக் கேன்சல் பண்ணிவிட்டால் நேரே ஏர்போர்ட்தான். வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமென்றால், பெர்மிட் முடியப்போகிற கடைசிச் சில வாரங்களைத் தவிர, இருக்கிற முதலாளி சம்மதிக்க வேண்டும். இனி நான் சொல்லப் போகிற எல்லாமே இந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது.

எங்கள் அறையில் பதினாறு பேர். இரண்டடுக்குக் கட்டில் எட்டு. தமிழர்களும் வங்காளதேசத்துக்காரர்களும் கலந்து இருந்தோம். கழிப்பறை, குளியலறை, சமையல் அடுப்பு எல்லாம் மாடிக்குப் பொது. சிங்கப்பூரில் இப்படி விடுதிகளில் இருந்தவர்கள் ஏறக்குறைய 3,23,000 பேர். லிஃப்ட் பக்கத்தில் ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி நான்கு மொழியில் ஒட்டியிருந்தார்கள். அறைக்குள் என் கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவே ஒருவர் நிமிர்ந்து நிற்கிற இடம்தான் உண்டு. இந்த நெருக்கத்தில் நோய் நுழைந்தால் என்ன ஆகும் என்று மார்ச் மாதமே டி.டபிள்யூ.சி.2 என்கிற தொண்டு அமைப்பு நாளிதழுக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தது. அந்தக் கடிதத்தைப் பிற்பாடுதான் படித்தேன். அப்போது அது எங்கள் கண்ணில் படவில்லை.

ஏப்ரல் 5 அன்று பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு பெரிய விடுதிகளைத் தனிமைப்படுத்தினார்கள். இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 20,000 பேர். ஏப்ரல் 7 முதல் ஊரே அடைபட்டது. அடுத்தடுத்து ஒவ்வொரு விடுதியாகப் பூட்டிக்கொண்டே வந்து, ஏப்ரல் 21க்குப் பிறகு எந்த விடுதியிலிருந்தும் யாரும் வேலைக்குப் போக முடியாது என்று ஆனது. எங்கள் கேட்டுக்கு வெளியே போலீஸ் வண்டி நின்றது. முதலில் தளத்தை விட்டு இறங்கக் கூடாது என்றார்கள். பிறகு அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்றார்கள். கழிப்பறைக்கு மட்டும் போகலாம்.

முதல் இரண்டு வாரம் சாப்பாடுதான் பெரும்பாடு. கேட்டரிங் சோறு எங்களுக்குப் புதிதல்ல. விடியற்காலையில் வருகிற பொட்டலத்தை வெயிலில் சைட்டுக்குக் கொண்டுபோய் மதியம் பிரித்துச் சாப்பிட்டுப் பழகியவர்கள்தான். ஆனால் இப்போது ஆயிரக்கணக்கானவர்களுக்கு மூன்று வேளையும் ஒரே கேட் வழியாக வர வேண்டியிருந்தது. மதியச் சோறு மூன்று மணிக்கு வரும். பிரித்தால் பருப்பு நுரைத்துப் போயிருக்கும். ரமலான் தொடங்கியதும் பாய்களுக்கு சஹருக்கு வர வேண்டிய பொட்டலம் சில நாள் விடிந்த பிறகு வந்தது. எங்கள் அறையில் குமில்லா பாய் என்று நாங்கள் கூப்பிடுகிற மூத்தவர் ஒருவர் இருந்தார். அவர் அன்றைக்கெல்லாம் தண்ணீரோடு நோன்பு வைத்தார். பிற்பாடு அரசாங்கம் அதிகாரிகளையும் ராணுவத்தினரையும் விடுதிகளுக்கு அனுப்பிப் பொறுப்பெடுத்ததும் சாப்பாடு சீரானது. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கமிருந்து சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் சில, பழமும் ஊறுகாயும் சிம் கார்டும் கேட் வரை கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு நாள் ஒரு அட்டைப்பெட்டிக்குள் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலோடு "தம்பிகளா, தைரியமா இருங்க" என்று தமிழில் எழுதிய தாள் இருந்தது. எங்கள் அறையில் இருந்த ஒரத்தநாட்டு அண்ணன் ஒருவர் அந்தத் தாளைத் தன் கட்டில் கம்பியில் ஒட்டிவைத்தார்.

காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து, விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டி, வருகிற எண்ணைப் போனில் ஒரு செயலியில் போட வேண்டும். அறைக்கு ஒரே ஒரு கருவி. பதினாறு விரலும் அதற்குள் போய் வரும். எண் குறைந்தால் கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். கூப்பிடுவது பெரும்பாலும் இரவில்தான். வாசலில் பாதுகாப்பு உடுப்பு போட்ட ஆள் நின்று, பெர்மிட் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை வாசிப்பார். "பேக் யுவர் பேக்" என்பார். எங்கே போகிறோம் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. கீழே பஸ் நிற்கும். அதில் ஏறினவர் மறுநாள் போன் பண்ணினால்தான் ஆஸ்பத்திரியா, ராணுவ முகாமா, ஓட்டலா, கடலில் நிறுத்திய கப்பலா என்று எங்களுக்குத் தெரியும். மன்னார்குடித் தம்பி ஒருவன், வயது இருபத்திமூன்று, கூப்பிடாத நாளிலும் பையைக் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பான்.

என்னையும் மே மாதம் கூப்பிட்டார்கள். எக்ஸ்போ கண்காட்சி அரங்கில் தடுப்பு வைத்துக் கட்டில் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் காய்ச்சல், ஒரு வாரம் வாயில் ருசியில்லை, அவ்வளவுதான் எனக்கு. வைத்தியத்துக்கு ஒரு காசு வாங்கவில்லை. தமிழ் பேசும் நர்ஸ் ஒருவர் இருந்தார். "ஊர்ல சொல்லிட்டீங்களாண்ணே?" என்று அவர் கேட்டபோதுதான் வீட்டுக்குச் சொல்லவேயில்லை என்று நினைவு வந்தது. விடுதியை விட அங்கே காற்றும் இடமும் அதிகம். நோய் வந்த பிறகுதான் எனக்கென்று கொஞ்சம் இடம் கிடைத்தது என்பதை எக்ஸ்போவில் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி அறைக்கு வந்த சில நாளில் கம்பெனியிலிருந்து கவர் வந்தது. சூப்பர்வைசர் உள்ளே வர முடியாது, அதனால் சாப்பாட்டு வேனில் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு தாள், ஆங்கிலத்தில். நான் பாலிடெக்னிக் படித்தவன் என்பதால் என்னிடம் நீட்டினார்கள். கட்டிலில் உட்கார்ந்து சத்தமாகத் தமிழில் சொன்னேன். இன்றைய நிலைமையைக் கருத்தில் கொண்டு, என் சொந்த விருப்பத்தின் பேரில், வேலை மறுபடி தொடங்கும்வரை அடிப்படைச் சம்பளத்தில் பாதியைப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன். கீழே பெயர், பெர்மிட் எண், கையெழுத்து.

குமில்லா பாய் கேட்டார், "சைன் போடலே, கேன்சலா?" பன்னிரண்டு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட தமிழ் அது. தாளில் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் எழுதாமலே எங்கள் எல்லோருக்கும் தெரியும். சம்பளத்தைக் குறைக்கத் தொழிலாளியின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்பது அங்குள்ள விதி. நல்ல விதிதான். அந்த விதிக்காகத்தான் இந்தத் தாள் வந்தது. வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி கட்ட வேண்டிய லெவியை ஏப்ரல், மே மாதங்களுக்கு அரசாங்கம் முதலாளிகளுக்குத் தள்ளுபடி செய்து, பெர்மிட் ஊழியர் ஒருவருக்கு 750 வெள்ளி என்று திருப்பியும் கொடுத்தது. அது செய்தியில் வந்தது, நான் படித்துக் காட்டினேன். "அப்ப ஏன் பாதி?" என்றான் மன்னார்குடித் தம்பி. மனிதவள அமைச்சகத்துக்குப் போன் பண்ணிப் புகார் கொடுக்கலாம். கொடுத்தால், விசாரணை முடிகிறவரை இந்த அறை, முடிந்த பிறகு இந்த முதலாளி. ஊரில் வட்டி நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. அறையில் ஒரே ஒரு பேனா எழுதியது. அது கட்டில் கட்டிலாகப் போய், கடைசியில் என்னிடம் வந்தது. பதினாறு பேரும் போட்டோம். அந்தத் தாள்களை எந்த நீதிமன்றத்தில் காட்டினாலும் பதினாறு பேரும் மனமுவந்து சம்மதித்ததாகத்தான் தீர்ப்பு வரும்.

ஜூன் மாதம் ஒரத்தநாட்டு அண்ணனின் அம்மா இறந்துபோனார். ஒரே மகன். இந்தியா வழக்கமான சர்வதேச விமானங்களை நிறுத்தியிருந்தது. அரசு விட்ட வந்தே பாரத் சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்தாலும், ஊருக்குப் போனால் திரும்பி வர அனுமதி கிடைக்குமா என்பது கம்பெனியின் கையில். கடனில் பாதிகூட அடையவில்லை. வாட்ஸ்அப்பில் பங்காளி மகன் கொள்ளி வைப்பதைப் பார்த்தார். மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாகச் சொன்னார். எங்களில் யாருக்கும் கை வரவில்லை. குமில்லா பாய்தான் தன் ட்ரிம்மரை எடுத்துவந்து, அண்ணனைக் குளியலறைப் படியில் உட்காரவைத்து, காது மடல் ஓரமெல்லாம் பார்த்துப் பார்த்து வழித்துவிட்டார். பிறகு இருவரும் அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர் ஜூன் 2ஆம் தேதியிலிருந்து கட்டம் கட்டமாகத் திறந்தது. ஜூன் 19 முதல் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். எங்களுக்கு அதே ஜூனில் வேறு ஒரு சட்டத்திருத்தம் வந்தது. விடுதியை விட்டு வெளியே போக முதலாளியின் அனுமதி வேண்டும் என்பதை வேலை அனுமதி விதியிலேயே சேர்த்தார்கள். டி.டபிள்யூ.சி.2, ஹோம் போன்ற அமைப்புகள் எதிர்த்தன. நானும் அந்த எதிர்ப்பில் உறுதியாக நிற்கிறேன். கிருமிக்காக ஒருவரை அறைக்குள் இருக்கச் சொல்வது சுகாதாரத் துறையின் வேலை. அதற்கு மருத்துவக் காரணம் இருக்கும், முடிவுத் தேதி இருக்கும், மறுத்துப் பேச ஓர் அதிகாரி இருப்பார். ஒரு மனிதன் வாசல் தாண்டலாமா என்பதை அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் தீர்மானிக்கலாம் என்றால், அதற்கும் கிருமிக்கும் சம்பந்தம் இல்லை. வேலை செய்ய வந்தவனின் பொழுது முழுவதும் வேலை கொடுத்தவருக்குச் சொந்தம் என்கிற பழைய எண்ணம்தான் கொள்ளைநோயின் பெயரில் சட்டமாகியது.

விடுதிகளில் தொற்று நீங்கிவிட்டது என்று ஆகஸ்டில் அறிவித்தார்கள். வேலை தொடங்கியது. லாரியில் சைட்டுக்கு, சைட்டிலிருந்து லாரியில் விடுதிக்கு. 14 நாளுக்கு ஒருமுறை மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை. போனில் பச்சை வந்தால்தான் வேலைக்குப் போகலாம். நாங்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்த சைட்டுக்கு எதிரே ஒரு காபிக் கடை இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு டீ குடித்தோம் என்று யாராவது படம் எடுத்துப் போட்டால் பெர்மிட் போய்விடும். அந்த வருடம் விடுதிகளில் சிலர் தங்களையே காயப்படுத்திக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மனநலத்துக்கென்று தனிக் குழு அமைத்தார்கள், ஆலோசனை சொல்லத் தமிழிலும் வங்காள மொழியிலும் பேசுகிற ஆள் போட்டார்கள். செய்தது நல்லது. ஆனால் மன்னார்குடித் தம்பி தூக்கம் வராமல் மொட்டைமாடிக் கதவைப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததற்குக் காரணம் அவன் மனம் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய் ஒரு மசால் தோசை சாப்பிட்டு, பணம் அனுப்பிவிட்டு, கூட்டாளிகளோடு புல்தரையில் உட்கார்ந்து எழுந்து வந்தால் சரியாகிவிடுகிற மனம்தான் அது. நானும் ஒரத்தநாட்டு அண்ணனும் முறை வைத்து அவன்கூடவே விழித்திருந்தோம்.

டிசம்பரில் முழுக் கணக்கை வெளியிட்டார்கள். விடுதிகளில் மூக்குப் பரிசோதனையில் உறுதியானவர்கள் 54,505. ரத்தப் பரிசோதனையில், எப்போதோ வந்து போயிருக்கிறது என்று தெரிந்தவர்கள் இன்னும் 98,289. மொத்தம் 1,52,794, அதாவது நூற்றுக்கு 47 பேர். எங்களில் பெரும்பாலோர் இளவயது என்பதால் உயிரிழந்தவர்கள் மிகச் சிலரே. அதே டிசம்பர் 28இல் ஊருக்கு மூன்றாம் கட்டத் தளர்வு வந்து, எட்டுப் பேர் வரை கூடலாம் என்று ஆனது. எங்களில் பாதிப் பேருக்கு நோய் வந்து, போய், எதிர்ப்புச் சக்தியும் இருந்தது. 14 நாளுக்கு ஒருமுறை பரிசோதனையும் நடந்தது. அந்த நாட்டில் எங்கள் அளவுக்குச் சோதிக்கப்பட்ட உடம்பு வேறு யாருக்கும் இருந்திருக்காது. ஆனாலும் எங்களுக்கு வேலைத்தளமும் விடுதியும் பொழுதுபோக்கு மையமும்தான். தடுப்பூசி இரண்டும் போட்ட பிறகு, 2021 செப்டம்பரில், சோதனை முயற்சி என்று வாரத்துக்கு 500 பேரை மட்டும் பஸ்ஸில் ஏற்றித் தேக்கா போன்ற இடங்களுக்குக் கூட்டிப்போய்ச் சில மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மூன்று லட்சம் பேரில் வாரத்துக்கு 500. எங்கள் அறையில் யாருக்கும் அந்த வாய்ப்பு வரவில்லை.

அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போகலாம் என்று ஆனது 2022 ஜூன் 24 முதல். அதிலும் ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்த நான்கும் எங்கள் ஆட்கள் கூடுகிற இடங்கள். சிங்கப்பூர்க்காரர் முகக்கவசத்தோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றிருந்தபோது, எங்களுக்கு மட்டும் கூட்டம் கூடுவதுதான் பிரச்சினையாக இருந்தது.

நான் 2023இல் கடனை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். குமில்லா பாய் இன்னும் அங்கேதான். பெருநாளைக்குப் போன் பண்ணுவார். புது விடுதிகளுக்கு 2021இல் நல்ல விதிகள் வந்தன. அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, தலைக்கு 4.2 சதுர மீட்டர், அறைக்குள்ளேயே கழிப்பறை. பழைய விடுதிகள் முழுவதுமாக அந்த அளவுக்கு வர 2040 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது அக்கா மகன் ஸ்கில் டெஸ்ட் பாஸ் பண்ணிவிட்டுக் கிளம்ப நிற்கிறான். போக வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. தோப்பில் மறுபடி நட்ட கன்றுகள் இன்னும் பாளை விடவில்லை. அடிப்படைச் சம்பளம் போட்ட ஐ.பி.ஏ. என்கிற முன் ஒப்புதல் கடிதத்தைத் தமிழிலும் கொடுப்பார்கள், அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு என்றேன். புரியாத தாள் எதில் கையெழுத்துக் கேட்டாலும், போடுவதற்கு முன் எனக்கு அனுப்பிவிட்டு, டி.டபிள்யூ.சி.2 எண்ணுக்கும் போன் பண்ணு என்றேன்.

"போடாட்டி அனுப்பிருவாங்களா மாமா?" என்று கேட்டான்.

அனுப்பலாம், அந்த விதி இன்னும் மாறவில்லை என்று சொன்னேன். எந்த விடுதி, அறைக்கு எத்தனை பேர் என்று ஏஜென்ட்டிடம் கேட்கச் சொன்னேன். கேட்டானாம். அதெல்லாம் போய் இறங்கிய பிறகுதான் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள்.